விடுபட்டதும் வெற்றி ஆகுமா?

தேர்வெழுத வராத மாணவனுக்குத் ‘தேர்ச்சி’ என்று மதிப்பெண் பட்டியல் கொடுக்கும் கல்லூரி எங்கேனும் உண்டா? இல்லை. அவன் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதுகிறார்கள். அவனைத் தேறியவர்களோடும் சேர்ப்பதில்லை. எழுதித் தோற்றவர்களோடும் சேர்ப்பதில்லை. மூன்றாவதாக ஓர் இடம் அவனுக்கென்று இருக்கிறது. இது நமக்கெல்லாம் தெரிந்த சாதாரண நியாயம்.

ஆனால் உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளையும் கைப்பேசிகளையும் இயக்குகிற ஒரு பெரும் மென்பொருளின் சோதனைக் கூடத்தில் 2018ஆம் ஆண்டு வரை இந்த நியாயம் சரிவரக் கடைப்பிடிக்கப்படவில்லை. நடக்காத சோதனைகள் பல, வெற்றி பெற்ற சோதனைகளின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. அந்தக் கணக்கைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். ‘இது கணினித் துறைக்காரன் சமாச்சாரம்’ என்று வரலாற்றுத் துறை நண்பர்களும் தமிழ்த் துறை நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் கணக்குப் பாடம் குறைவு. கணக்குச் சொல்லும் ஒழுங்குதான் அதிகம்.

முதலில் சில வார்த்தைகள் விளக்கமாக. கணினியில் நாம் காணும் திரை, எழுத்து, படம், பாட்டு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு மென்பொருள் இருந்துகொண்டு நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. எந்த வேலை முதலில், எந்த வேலை பிறகு என்று முறை வைக்கிறது. விசைப்பலகை, வட்டு, வலை முதலியவற்றோடு பேசுகிறது. அதற்குக் கெர்னல் என்று பெயர். கருநிரல் என்று தமிழில் சொல்வோரும் உண்டு. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று சுமார் 4 கோடி வரிகள் கொண்டது. ஆண்டிராய்டு கைப்பேசிகளின் அடியில் இருப்பது அதுவே. உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகள் என்று வெளியிடப்படும் பட்டியலில் 2017 நவம்பர் முதல் ஒன்றுவிடாமல் எல்லாம் அதிலேயே ஓடுகின்றன. ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. உலகின் பல மூலைகளில் இருக்கும் ஆயிரக்கணக்கானோர் திருத்துகிறார்கள். ஒருவர் திருத்தம் மற்றவர் வேலையைக் கெடுக்கவில்லை என்பதை எப்படி அறிவது? சோதனை வைத்துத்தான்.

சோதனை நிரலும் நிரல்தான். ‘இவ்வளவு நினைவகம் கேட்டேன், கிடைத்ததா? இந்தக் கோப்பைப் பூட்டினேன், பூட்டியதா?’ என்று கெர்னலைக் கேட்டுப் பார்த்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி பதில் எழுதிவிட்டுப் போகும். அந்தப் பதிலை எழுதும் முறை 1987இல் பெர்ல் என்னும் நிரல்மொழியோடு பிறந்தது. மிக எளிமையானது. சரியாக நடந்தால் ‘ஓகே 1’, இல்லாவிட்டால் ‘நாட் ஓகே 1’. இவ்வளவே. டேப் என்று அதற்குப் பெயர். அதையே கொஞ்சம் திருத்திக் கெர்னலுக்கென்று கேடேப் என்று வைத்திருக்கிறார்கள். மனிதனும் படிக்கலாம், இயந்திரமும் படிக்கலாம். நல்ல முறைதான், நான் குறை சொல்ல வரவில்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கேள்வி கேட்கவே முடியாதபோது.

எங்கள் ஆய்வகத்துப் பழைய கணினி ஒன்றில் கெர்னலோடு வரும் கேசெல்ஃப்டெஸ்ட் என்னும் சோதனைத் தொகுதியை ஓட்டிப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரியும். சில சோதனைகளுக்கு ரூட் எனப்படும் தலைமைப் பயனர் உரிமை வேண்டும். மாணவர் கணக்கில் நுழைந்து ஓட்டினால் அந்த உரிமை இராது. சிலவற்றுக்கு இரண்டு செயலிகளாவது வேண்டும். சிலவற்றுக்குப் பெரும்பக்க நினைவகம் முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். சில சோதனைகள் ஆராயும் வசதியே, கெர்னலைத் தொகுக்கும்போது ‘வேண்டாம்’ என்று விடப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றுக்கு வலைக்கான ஒரு சிறு துணைக்கருவி இருந்தால் போதும். அதைக்கூட யாரும் நிறுவியிருக்கமாட்டார்கள். இந்த இடங்களில் சோதனை நிரல் என்ன செய்யும்? ‘என்னால் இயலவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும். இதற்கு ஸ்கிப் என்று பெயர். விடுபட்ட சோதனை என்று நான் சொல்கிறேன்.

விடுபடுவது குற்றமன்று. கால் ஊனமுற்றவரிடம் ஓட்டப் பந்தயத்தில் ஏன் ஓடவில்லை என்று கேட்பார் உண்டோ? இல்லாத வன்பொருளைச் சோதிக்கச் சொல்வதும் அப்படியே. கேள்வி, விடுபட்டதை என்ன பெயரில் எழுதுவது என்பதுதான்.

டேப் முறையில் அதை எழுதும் விதத்தைப் பாருங்கள். ‘ஓகே 3 # ஸ்கிப் ரூட் உரிமை இல்லை’. வரியின் தலையில் ஓகே. வாலில் ஸ்கிப். வால் வரைக்கும் படிப்பவனுக்கு உண்மை தெரியும். தலையை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறவனுக்கு? அவன் கணக்கில் மூன்றாவது சோதனை வெற்றி! ‘ஓகே’ என்ற சொல் வரியின் தொடக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிச் சொல்ல ஒரு சிறு நிரலைப் பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம், எழுதியும் விடுகிறார்கள். கேடேப் ஆவணமோ, ஸ்கிப் என்ற குறிப்பு இருந்தால் முன்னால் ஓகே என்றும் இருக்கலாம், நாட் ஓகே என்றும் இருக்கலாம் என்கிறது. அதாவது தலையைப் பார்க்காதே, வாலைப் பார் என்கிறது. விலங்கியல் துறையினர் மன்னிக்க வேண்டும், இப்படியொரு பிராணியை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம்!

கேசெல்ஃப்டெஸ்டில் இதைவிட மோசமாக இருந்தது. அங்கே ஒவ்வொரு சோதனை நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். 0 என்றால் வெற்றி, 1 என்றால் தோல்வி. முன்தேவைகள் இல்லாமல் நின்றுபோன பல நிரல்கள் என்ன எண்ணை விட்டுச்சென்றன தெரியுமா? 0. விடுபட்டது என்பதற்கென்று தனியே ஒரு பெயர் இருந்தபோதிலும், அந்தப் பெயரே வெற்றி என்பதற்கு மறுபெயராக வைக்கப்பட்டிருந்தது. வாலும் இல்லை, தலையும் இல்லை, சுத்தமான வெற்றி!

2018இல் இது திருத்தப்பட்டது. அத்தொகுதியைப் பராமரித்து வரும் ஷுவா கான் என்னும் அம்மையார் ஒன்றன்பின் ஒன்றாகப் பல திருத்தங்களை அனுப்பினார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே விளக்கம்தான்: முன்தேவை நிறைவேறாமல் விடுபட்ட சோதனை 0 என்று சொல்லித் திரும்புகிறது, அது வெற்றியாக எண்ணப்படுகிறது, ஓடவே முடியாத சோதனைக்கு இப்படிப் பொய்யான நற்பெயர் கிடைக்கிறது, ஆகையால் இனி 4 என்று சொல்லட்டும். ஒரு சோதனையில் ஒன்றோ இரண்டோ வரிதான் மாறும். அறிவுக்கூர்மை வேண்டாத வேலை, பொறுமை வேண்டிய வேலை. உதவியாளர்களிடம் விட்டுவிடக் கூடிய வேலை என்றும் சிலர் நினைக்கலாம். என்னைக் கேட்டால், அந்த ஆண்டில் கெர்னலுக்குச் செய்யப்பட்ட நல்ல காரியங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன். ஒரு புதிய வசதி சேர்ந்தால் கெர்னல் வளர்கிறது. பொய்க்கணக்கு நீங்கினால் ஏற்கெனவே இருக்கும் வசதிகளைப் பற்றி நாம் அறிந்திருப்பது உண்மையாகிறது. இரண்டில் எது பெரிது என்று சொல்லுங்கள்.

கெர்னலை விட்டுச் சற்று வெளியே வருவோம். நம் நாட்டுச் செய்தி ஒன்று இதற்கு மிகப் பொருத்தமாக இருக்கிறது.

2023ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்கியது. முதல் நாள் மொழிப்பாடம். அன்று மட்டும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தேர்வெழுத வரவில்லை என்ற செய்தி வெளிவந்தது. மே மாதத்தில் முடிவு அறிவிக்கப்பட்டபோது, எழுதியவர்கள் 8,03,385 பேர், தேறியவர்கள் 7,55,451 பேர், தேர்ச்சி விகிதம் 94.03. கணக்கில் பிழையே இல்லை. நான் வகுத்தும் பார்த்தேன். ஆனால் அந்த 94.03 என்ற எண்ணுக்குள் மார்ச் 13ஆம் நாள் வராத பிள்ளைகளைத் தேடினால் கிடைக்கமாட்டார்கள். அவர்கள் தேறியவர்களிலும் இல்லை, தோற்றவர்களிலும் இல்லை. விகிதம் அவர்களைத் தொடவே இல்லை. வராதவர் எண்ணிக்கை தனியாக, முதல் நாளே வெளிவந்ததால்தான் நாளிதழ்கள் கேட்டன. அந்தப் பிள்ளைகள் யார், ஏன் வரவில்லை, வேலைக்குப் போய்விட்டார்களா, பள்ளிப் பதிவேட்டில் மட்டும் இருந்தவர்களா என்றெல்லாம் விசாரிக்க வேண்டியதாயிற்று. அந்த ஓர் எண் வெளிவராமல் 94.03 மட்டும் வந்திருந்தால்? நாம் கைதட்டிவிட்டுப் போயிருப்போம்.

சோதனை வெளியீட்டிலும் இதுவே நிலை. ‘தோல்வி 0’ என்ற வரியைக் கண்டதும் மனம் குளிர்ந்துவிடுகிறது. எத்தனை சோதனைகளில் 0 என்று கேட்க மறந்துபோகிறோம்.

எங்கள் வேங்கிக்கால் பக்கம் நடந்த ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எங்கள் ஊரில் இருப்பதால் கணினி, நகல், தட்டச்சு என்று கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே கணினி பொருத்தித் தரும் அண்ணன் ஒருவரோடு விடுமுறை நாட்களில் உதவிக்குப் போவதுண்டு. ஒரு தனியார் பயிற்சி நிலையத்துக்கு எட்டுக் கணினிகள் கொடுத்தார்கள். வேறொருவர் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்து, பட்டியலில் குறியிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பட்டியலைப் பார்த்தேன். வரிசையாகச் சரிக்குறிகள். ‘அச்சுப்பொறி’ என்ற வரியிலும் சரிக்குறி.

“அண்ணே, பிரிண்டர் இன்னும் வரவே இல்லையே?” என்றேன்.

“வந்தா வேலை செய்யும்ப்பா. அதான் டிக் போட்டுட்டுப் போயிருக்காரு,” என்றார் அண்ணன், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வந்தால் வேலை செய்யும்! கேசெல்ஃப்டெஸ்டின் பழைய 0 சொன்னதும் இதைத்தானே? அந்த அச்சுப்பொறி பிறகு வந்தது. அதற்கேற்ற கம்பி இணைப்பு வேறு வகையாக இருந்தது. கையெழுத்தும் ஆகிவிட்டது, பணமும் கைமாறிவிட்டது. யார் செலவில் மாற்றுவது என்று இரண்டு வாரம் பேச்சு நடந்தது. பட்டியலில் அந்த ஒரு வரியில் ‘பொருள் வரவில்லை, பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘அப்படியானால் விடுபட்ட எல்லாவற்றையும் தோல்வி என்று எழுதிவிட்டால் தீர்ந்தது, கண்டிப்பாக இருக்கும், யாரும் ஏமாற்ற முடியாது’ என்பார்கள். எங்கள் வகுப்பிலேயே இப்படி வாதிட்டவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறைக்கு ஆகாது. பழைய கணினியில் ஓட்டினால் நாளும் முப்பது, நாற்பது தோல்வி காட்டும். அத்தனையும் இல்லாத வன்பொருளைப் பற்றியவை. முதல் நாள் பயப்படுவோம். பத்தாம் நாள், ‘அது எப்போதும் அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டு நகர்வோம். நாற்பத்தொன்றாவதாக மெய்யான தோல்வி ஒன்று வந்து நிற்கும்போது அதுவும் அந்தக் கூட்டத்தில் கலந்து கரைந்துபோகும். புலி வருகிறது, புலி வருகிறது என்று கத்திய கதையை நாம் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறோம். ஆகவே தோல்வி என்பதும் பொய்தான். வெற்றி என்பது இனிப்பான பொய், இது கசப்பான பொய்.

மூன்றாவது பத்தி வேண்டும் என்பதை உலகம் நெடுநாளாகவே அறிந்திருக்கிறது. குனு மென்பொருள்களைத் தொகுக்கும் ஆட்டோமேக் கருவியில் ஒரு சோதனை 77 என்று சொல்லித் திரும்பினால் விடுபட்டது என்று பொருள். கேசெல்ஃப்டெஸ்டில் 4. லினக்ஸ் சோதனைத் திட்டம் என்னும் பழைய பெரிய தொகுதியில் 32. ஒரே செய்திக்கு ஊருக்கு ஓர் எண்! அது போகட்டும். அந்தப் பழைய தொகுதியில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘இந்த அமைப்புக்கு இச்சோதனை பொருந்தாது’ என்பதற்கு ஒரு குறி; ‘சோதனையைத் தொடங்குவதற்கான ஏற்பாடே உடைந்துபோயிற்று’ என்பதற்கு வேறொரு குறி. தேர்வுக்கூடத்துக்கு வராத மாணவன் வேறு, வந்தும் வினாத்தாள் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த மாணவன் வேறு அல்லவா? குனு தொகுப்பி பயன்படுத்தும் டெஜாக்னு என்னும் சோதனைச் சட்டகத்திலும் இவ்வாறே, ‘ஆதரவில்லை’ என்றும் ‘சோதிக்கவில்லை’ என்றும் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். முதலாவது கணினியின் இயல்பைச் சொல்வது. இரண்டாவது நம் வேலை பாக்கி இருப்பதைச் சொல்வது. இந்தப் பிரிவினை எனக்கு மிகப் பிடித்தது. கேடேப் இந்த இரண்டையும் ஸ்கிப் என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டு, மிச்சத்தைக் காரணம் எழுதுகிறவரின் நேர்மைக்கு விட்டுவிடுகிறது.

அந்தக் காரணம்தான் உயிர். ‘# ஸ்கிப்’ என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவதும் முறைப்படி செல்லும். ஆனால் அதைப் படிக்கிறவன் என்ன செய்வான்? ‘தகுந்த சூழல் இல்லை’ என்று எழுதுவதும் எழுதாததும் ஒன்றே. ‘பெரும்பக்க நினைவகம் ஒதுக்கப்படவில்லை, குறைந்தது இரண்டு பக்கங்கள் வேண்டும்’ என்று எழுதிப் பாருங்கள். படித்தவன் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுவான். விடுபட்டது ஒன்று குறையும். விடுப்பு விண்ணப்பத்தில் ‘சொந்த வேலை காரணமாக’ என்று எழுதிக் கொடுத்துப் பழகிய நமக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

கெர்னலின் உள்ளிருந்தே சிறு சிறு பகுதிகளைச் சோதிக்கும் கேயூனிட் என்னும் சட்டகம் 2020 ஜனவரியில் வந்த 5.5 பதிப்பில் சேர்ந்தது. ‘இதை விட்டுவிடு’ என்று அதில் நேராகச் சொல்லும் வழி 2021இல் 5.14 பதிப்பில்தான் வந்தது. அதன் கருவி வெற்றியைப் பச்சையிலும் தோல்வியைச் சிவப்பிலும் விடுபட்டதை மஞ்சளிலும் காட்டுகிறது. மஞ்சள் நல்ல தேர்வு. சாலை விளக்கு பார்த்துப் பழகிய எவருக்கும் புரியும். கடைசியில் வெற்றி இத்தனை, தோல்வி இத்தனை, விடுபட்டது இத்தனை, மொத்தம் இத்தனை என்று ஒரு கூட்டல் வரியும் எழுதுகிறது. இதுவரை பாராட்டு.

ஆனால் அதில் ஒரு விதி இருக்கிறது; அதோடு எனக்கு உடன்பாடில்லை. சோதனைகள் தொகுப்புகளாகக் கட்டப்பட்டிருக்கின்றன. தொகுப்பில் ஒன்றாவது தோற்றால் தொகுப்பே தோல்வி. எல்லாமே விடுபட்டால் தொகுப்பு விடுபட்டது. ஒன்றும் தோற்காமல், ஒன்றாவது வென்றிருந்தால் தொகுப்புக்கு வெற்றி. சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். பத்துச் சோதனைகள் உள்ள தொகுப்பில் ஒன்பது விடுபட்டு ஒன்று மட்டும் ஓடி வென்றால்? அதுவும் வெற்றிதான்! மேலிருந்து தொகுப்புகளின் பெயரை மட்டும் பார்த்து வருகிறவருக்கு ஒரே பச்சை. கிரிவலம் போனவன் வழியிலுள்ள எட்டு லிங்கங்களில் இந்திர லிங்கத்தை மட்டும் தரிசித்துவிட்டு ஆட்டோவில் ஏறி வீட்டுக்கு வந்து, ‘14 கிலோமீட்டரும் சுற்றினேன்’ என்று திருநீறு கொடுப்பதைப் போல இருக்கிறது. விதியை வகுத்தவர்களின் சங்கடமும் புரியாமல் இல்லை: ஒன்று விடுபட்டாலே தொகுப்பு முழுவதையும் மஞ்சளாக்கினால் எங்கும் மஞ்சளாகிவிடும், பச்சைக்குப் பொருள் போய்விடும். அப்படியானால் தொகுப்பின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘10இல் 1’ என்று எழுதிவிட்டால் என்ன? எண் கீழே கூட்டல் வரியில் இருக்கிறது என்பது போதாது. கீழே இருப்பதை யார் படிக்கிறார்கள்? மருந்துச் சீட்டின் பின்புறத்தைப் படித்தவர்கள் கை தூக்குங்கள்.

இன்னொன்று, இதைத்தான் நான் மிக அஞ்சுகிறேன். இன்றைக்கு விடுபட்டவை பன்னிரண்டு. அடுத்த பதிப்பில் அறுபது. தோல்வி அன்றும் 0, இன்றும் 0. நடுவில் என்ன ஆயிற்று? கெர்னலைத் தொகுக்கும்போது தேர்ந்தெடுக்கும் ஒரு வசதியின் பெயர் மாறியிருக்கலாம். பழைய பெயரைத் தேடும் சோதனைகள், ‘அந்த வசதி இல்லை’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடும். ஒரு சத்தமும் இராது. தோல்வி என்றால் கத்துகிறது. விடுபடுவது பேசாமல் போகிறது. ஆகவே விடுபட்டவற்றின் எண்ணிக்கையை அன்றன்று பார்ப்பதைவிட, நேற்றைய பட்டியலோடு இன்றைய பட்டியலை ஒப்பிட்டு, ‘நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை?’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வகுப்பாசிரியர் வருகைப் பதிவேட்டை அப்படித்தானே பார்க்கிறார்? ‘இன்று நாற்பது பேர்’ என்று அவர் திருப்தி அடைவதில்லை. ‘செல்வி எங்கே? மூன்று நாளாகக் காணோமே’ என்கிறார்.

விடப்பட்ட ஒரு சோதனை என்ன விலை கேட்கும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பியர்களின் ஏரியன் 5 ராக்கெட் முதன்முதலாகப் புறப்பட்டது. 40 விநாடி அளவில் திசைமாறிச் சிதறியது. முந்தைய ஏரியன் 4இல் நன்றாக வேலை செய்த வழிகாட்டும் கருவியின் மென்பொருளை இதிலும் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில் ஓர் எண், அதற்கென ஒதுக்கிய 16 பிட் இடத்துக்குள் அடங்காமல் போயிற்று, கருவி நின்றுவிட்டது. ஏரியன் 5 செல்லப்போகும் பாதையைக் கொடுத்து அக்கருவியைத் தரையிலேயே சோதித்திருக்கலாம். அந்தச் சோதனை நடக்கவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. முன்பு தேறிய கருவி ஆயிற்றே என்ற நம்பிக்கை, நடக்காத சோதனையின் இடத்தை நிரப்பியிருந்தது.

நமக்கும் இதற்கும் என்ன என்று கேட்பவர்கள் சென்னைப் பக்கம் பார்க்கட்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய ‘சக்தி’ செயலி 2018இல் லினக்ஸை ஏற்றி இயக்கியது. அது ரிஸ்க் ஐந்து என்ற திறந்த வடிவமைப்பைச் சேர்ந்தது. அவ்வடிவமைப்புக்கு லினக்ஸ் கெர்னலில் இடம் கிடைத்ததே அவ்வாண்டு ஜனவரியில் வந்த 4.15 பதிப்பில்தான். இன்டெல் வகைச் செயலிகளுக்கென்று எழுதப்பட்ட சோதனைகள் புதிய செயலியில் விடுபடும், அது இயல்பே. அவற்றை ‘வெற்றி’ என்று எண்ணினால் நம் பிள்ளை பிறந்த அன்றே பத்தாம் வகுப்பு தேறிவிட்டான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ‘தோல்வி’ என்று எண்ணினால் நடக்கத் தெரியாத குழந்தையை நொண்டி என்பதாகும். விடுபட்டது என்று காரணத்தோடு எழுதினால், இனி யார் எதை எழுத வேண்டும் என்ற வேலைப் பட்டியல் தானாகக் கையில் கிடைக்கிறது. புதிதாக வருகிறவனுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை. எங்கள் துறை மாணவர் ஒருவர் கெர்னலுக்கு ஏதேனும் செய்ய விரும்பினால், விடுபட்ட சோதனைகளில் காரணம் சரியாக எழுதாதவற்றைத் தேடித் திருத்தலாம் என்று நான் யோசனை சொல்வேன். இரண்டு வரித் திருத்தம். 2018இல் நடந்தவையும் அவ்வகையே.

சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. வெவ்வேறு நிறுவனத்தார் செய்த மடிக்கணினிகள். ஒன்றில் இருக்கும் பாகம் மற்றொன்றில் இராது. பெருமளவில் வாங்கும் இத்தகைய பொருள்களுக்கு ‘சோதித்தோம், தோல்வி இல்லை’ என்ற ஒற்றை வரிச் சான்று போதுமா? அரசு வாங்கினாலும், கல்லூரி வாங்கினாலும், வேங்கிக்கால் பயிற்சி நிலையம் வாங்கினாலும், சோதனை அறிக்கையில் ‘ஓடாதவை எத்தனை, எவை, ஏன்’ என்ற ஒரு பத்தியைக் கட்டாயமாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

நம் கல்லூரியிலேயே தொடங்கலாம். செய்முறைப் பதிவேட்டில் ஒவ்வொரு பயிற்சிக்கும் ‘விளைவு’ என்று ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அதில் எல்லாரும் எழுதுவது ‘நிரல் வெற்றிகரமாக இயக்கிச் சரிபார்க்கப்பட்டது’ என்ற ஒரே வாக்கியம். மின்சாரம் நின்ற நாளிலும் அதுவே, வலை இணைப்பு இல்லாத நாளில் எழுதிய வலைப் பயிற்சிக்கும் அதுவே. வரும் ஆண்டுப் பதிவேடு அச்சாகும் முன், அந்த இடத்துக்குக் கீழே ‘இயக்க இயலாத பகுதியும் காரணமும்’ என்று இன்னொரு கோடு போட்டுத் தரும்படி துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை நிரப்பினால் மதிப்பெண் குறையுமா என்று இளநிலை மாணவர்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.